ஆற்றைக் கடந்தால் செல்லாத உரிமம்

2013 அக்டோபரில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த இளந்தாய் ஒருவர் காரோட்டி நியூ ஜெர்சிக்குள் சென்றார். போக்குவரத்து விதிமீறலுக்காகக் காவலர் நிறுத்தியபோது, தம்மிடம் கைத்துப்பாக்கி இருப்பதையும், அதை மறைத்து எடுத்துச் செல்லத் தம் மாநிலம் உரிமம் வழங்கியிருப்பதையும் அவரே முன்வந்து சொன்னார். அவருடைய ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லும்; துப்பாக்கி உரிமம் செல்லாது. குறைந்தது மூன்றரை ஆண்டுச் சிறை என்னும் நிலையை எதிர்கொண்ட அவருக்கு 2015-இல் நியூ ஜெர்சி ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். அவர் கறுப்பினத்தவர். இந்த உரிமத்தின் வரலாற்றை அறிந்தவர்கள் அச்செய்தியை எளிதில் கடந்துவிட முடியாது.

மாநில எல்லையைத் தாண்டி ஆயுதம் ஏந்துவது யாருக்கு உரியது என்ற வினாவை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1857-லேயே தொட்டிருக்கிறது. டிரெட் ஸ்காட் வழக்கில் கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாது என்று தீர்ப்பளித்த தலைமை நீதிபதி ராஜர் டேனி, அவர்களைக் குடிமக்களென ஏற்றால் நேரக்கூடிய விளைவுகளை வரிசைப்படுத்தினார். விரும்பிய மாநிலத்திற்கு அனுமதிச் சீட்டின்றிச் செல்வார்கள், பொதுக்கூட்டம் நடத்துவார்கள், செல்லுமிடமெல்லாம் ஆயுதம் ஏந்துவார்கள் என்பன அவற்றுள் அடங்கும். குடியுரிமையின் இயல்பான உள்ளடக்கத்தையே அவர் அச்சுறுத்தலாக எடுத்துக்காட்டினார்.

உள்நாட்டுப் போர் முடிந்ததும் அந்த அச்சம் சட்டமாயிற்று. 1865-இல் மிசிசிப்பி இயற்றிய சட்டம், விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் துப்பாக்கி வைத்திருக்க உள்ளூர்க் குழுவின் உரிமம் பெற வேண்டும் என்றது. இத்தகைய வெளிப்படையான இனப்பாகுபாடு பின்னர் சட்ட நூல்களிலிருந்து மறைந்தது. அதன் இடத்தில் அதிகாரியின் விருப்புரிமை அமர்ந்தது. விண்ணப்பதாரர் ‘தகுதியானவர்’தானா, அவருக்குப் ‘போதிய காரணம்’ உண்டா என்று ஷெரிஃபோ நீதிபதியோ முடிவு செய்வார். 1956 ஜனவரியில் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. அதன்பின் துப்பாக்கி உரிமம் கேட்ட அவருக்கு அது மறுக்கப்பட்டது. வீட்டின்மீது குண்டு வீசப்பட்டதைவிடப் போதிய காரணம் வேறென்ன இருக்க முடியும்?

1987-இல் ஃபுளோரிடா இயற்றிய சட்டம் இந்த விருப்புரிமையைப் பெரிதும் அகற்றியது. வரையறுத்த நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்கு உரிமம் வழங்கியே ஆகவேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் 1961-லேயே இம்முறை இருந்தது எனினும், ஃபுளோரிடாவுக்குப் பின்னரே அது வேகமாகப் பரவியது. உரிமம் பெற்றோர் பெருகியதும் எல்லைச் சிக்கலும் பெருகியது. மாநிலங்கள் தமக்குள் ஏற்பு உடன்பாடுகளைச் செய்துகொண்டன. இந்தியாவில் ஆயுதங்கள் ஒன்றியப் பட்டியலில் அடங்குவதால் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஒன்றே நாடெங்கும் பொருந்தும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனிச் சட்டம், தனிப் பட்டியல்.

இப்பட்டியல்களிலிருந்து விந்தையான நடைமுறைகள் பிறந்தன. யூட்டா, ஃபுளோரிடா ஆகியவை வெளிமாநிலத்தாருக்கும் உரிமம் வழங்கியதால், பயணம் செய்வோர் பலர் அவற்றைத் தேடிப் பெற்றனர். ஃபிலடெல்ஃபியாவில் மறுக்கப்பட்ட சிலர் ஃபுளோரிடா உரிமத்தைக் கொண்டு சொந்த ஊரிலேயே துப்பாக்கியுடன் நடமாடினர். 2013-இல் பென்சில்வேனியா அந்த வழியை அடைத்தது. வெர்மான்டில் உரிமம் என்பதே இல்லை, தேவையும் இல்லை. அதனாலேயே அண்டை மாநிலத்தில் காட்ட அம்மாநிலத்தாரிடம் எதுவும் இல்லை! அலாஸ்காவும் அரிசோனாவும் உரிமக் கட்டாயத்தை நீக்கிய பின்னும், வெளிமாநிலப் பயணத்திற்காகவே உரிமம் வழங்குவதைத் தொடர்ந்தன.

உடன்பாடுகள் அரசியல் காற்றுக்கு ஏற்ப ஆடின. 2015 டிசம்பரில் வர்ஜீனியாவின் அரசுத் தலைமை வழக்குரைஞர் 25 மாநிலங்களின் உரிமங்களை இனி ஏற்பதில்லை என அறிவித்தார். அடுத்த மாதமே ஆளுநரும் எதிர்க்கட்சியினரும் பேரம் பேசி அதை மாற்றினர். குடும்ப வன்முறையாளரிடமிருந்து துப்பாக்கியை விலக்கும் விதிகள் அந்தப் பேரத்தில் கைம்மாறாகக் கிடைத்தன.

நாடு முழுதும் ஏற்பைக் கட்டாயமாக்கும் முயற்சி 2009-இல் செனட்டில் 58–39 என்ற வாக்குகளைப் பெற்றும், தேவையான 60-ஐ எட்டாமல் வீழ்ந்தது. 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் அவை 231–198 என்று அத்தகைய மசோதாவை நிறைவேற்றியது. செனட் அதை எடுத்துக்கொள்ளவில்லை. மாநில உரிமையை உயிர்க்கொள்கையாக முழங்கிய குடியரசுக் கட்சியினரே மாநிலங்களைப் பணியவைக்கும் ஒன்றியச் சட்டத்தைக் கோரினர். துப்பாக்கி விஷயத்தில் கூட்டாட்சிக் கொள்கை இரு தரப்புக்கும் வசதிக்கேற்பப் பயன்பட்டது என்பதே பொருத்தமான கணிப்பு.

2022 ஜூனில் புரூவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் நியூயார்க்கின் ‘போதிய காரணம்’ என்னும் நிபந்தனையை 6–3 என்ற பெரும்பான்மையில் நீக்கியது. தீர்ப்பை எழுதியவர் கறுப்பின நீதிபதியான கிளாரன்ஸ் தாமஸ். ஆயுதம் ஏந்துவது குடிமகனின் உரிமை என்பதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் டேனியின் அதே பத்தியும் ஒன்று. நியூயார்க் சட்டத்தால் வழக்குக்கு ஆளாவோர் பெரும்பாலும் கறுப்பினத்தவரும் லத்தீனோக்களுமே என்று அந்நகரின் பொது வழக்கறிஞர்கள் முன்வைத்த வாதமும் அவ்வழக்கின் ஆவணங்களில் உண்டு.

ஒரு மாநிலத்தின் உரிமத்தை மற்றொரு மாநிலம் ஏற்க வேண்டுமா என்பதை அத்தீர்ப்பு முடிவுசெய்யவில்லை. பென்சில்வேனியாக்காரர் டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் துப்பாக்கியுடன் கடக்க விரும்பினால், இன்றும் நியூ ஜெர்சியிடம் தனியே விண்ணப்பித்தாக வேண்டும்.