ஆசியக் கோப்பை ஃபுட்சால்

ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் உறுப்பு நாடுகளைச் சேர்ந்த ஆடவர் அணிகள் மோதும் உள்ளரங்கக் கால்பந்துப் போட்டி, ஆசியக் கோப்பை ஃபுட்சால். 1999இல் கோலாலம்பூரில் தொடங்கியது. ஆசிய ஃபுட்சால் சாம்பியன்ஷிப் என்று பல ஆண்டுகள் அழைக்கப்பட்டு, 2022 போட்டியிலிருந்து இப்போதைய பெயரைப் பெற்றது. 2024 வரை 17 முறை நடந்துள்ள இப்போட்டியில் ஈரான் 13 முறையும் ஜப்பான் 4 முறையும் பட்டம் வென்றுள்ளன. ஈரானின் பட்டங்களை மட்டும் எண்ணினால் இது ஓர் அணியின் கதையாகத் தோன்றும். இறுதி ஆட்டங்களின் கோல் கணக்கை வரிசையாகப் படித்தால், மற்ற நாடுகள் ஈரானை நெருங்கிவந்த வரலாறும் தெரியவரும்.

ஆட்டத்தின் இயல்பு

உருகுவேயின் மான்டிவிடியோ நகரில் 1930இல் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் வகுத்த உள்ளரங்க ஆட்டமே ஃபுட்சாலின் மூலம். சர்வதேச ஆட்டங்களுக்கான தளம் ஏறத்தாழ 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்டது. கோல்கீப்பரையும் சேர்த்து ஓர் அணிக்கு ஐந்து பேர். ஆட்டம் இரு பாதிகள், ஒவ்வொன்றும் 20 நிமிடம். பந்து வெளியே போனால் கடிகாரமும் நின்றுவிடும். பந்து வழக்கமான கால்பந்தைவிடச் சிறியது, அதிகம் துள்ளாதது. மாற்று ஆட்டக்காரர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே வந்து போகலாம். ஒரு பாதியில் ஓர் அணி ஆறாவது ஃபவுல் செய்தால், எதிரணிக்குத் தடுப்புச் சுவர் இல்லாத நேரடி உதை கிடைக்கும்.

பின்தங்கிய அணி கடைசி நிமிடங்களில் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு, ஐந்தாவது ஆட்டக்காரராக ஒருவரை முன்னே அனுப்புவதைப் பவர்ப்ளே என்பார்கள். எதிரணியின் நால்வரைச் சுற்றிப் பந்து வேகமாகக் கைமாறும். ஒரு பாஸ் பிசகினாலும், காலியாகக் கிடக்கும் கோலுக்குள் எதிரணி பந்தைத் தொலைவிலிருந்தே உருட்டிவிடும். ஃபுட்சாலில் கடைசி இரண்டு நிமிடங்களை நம்பி யாரும் மூச்சு விட முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

தொடக்க ஆண்டுகள்: 1999–2005

முதல் போட்டியில் ஒன்பது அணிகள் ஆடின. இறுதி ஆட்டத்தில் ஈரான் தென் கொரியாவை 9–1 என வீழ்த்தியது. அடுத்த ஆண்டு பாங்காக்கில் கஜகஸ்தானை 4–1 என வென்றது. 2001இல் சொந்த மண்ணான தெஹ்ரானில் உஸ்பெகிஸ்தானுக்கு எதிராக 9–0, 2002இல் ஜகார்த்தாவில் ஜப்பானுக்கு எதிராக 6–0. 2003இல் தெஹ்ரானிலும் 2004இல் மக்காவுவிலும் 2005இல் ஹோ சி மின் நகரிலும் இறுதியில் ஈரானிடம் தோற்றது ஜப்பான்தான்: 6–4, 5–3, 2–0. இப்படித் தொடர்ந்து ஏழு முறை கோப்பை ஈரானுக்கே போனது.

இதற்குள் போட்டியும் பெருத்துவிட்டது. 2005இல் 24 அணிகள் கலந்துகொண்டன. 2006 முதல் தகுதிச் சுற்று வந்தது. இறுதிக் கட்டத்துக்கு 16 அணிகள் என்று வரையறுக்கப்பட்டது. ஆரம்பத்தில் பலம் காட்டிய கஜகஸ்தான் 2002இல் ஐரோப்பியக் கூட்டமைப்புக்கு மாறிப்போனது. 2021 ஃபுட்சால் உலகக் கோப்பைக் காலிறுதியில் ஈரானை 3–2 என வெளியேற்றியது அந்த அணிதான்.

ஈரானின் பலம்

1992இல் ஹாங்காங்கில் நடந்த உலகப் போட்டியிலேயே ஈரான் நான்காம் இடம் பிடித்திருந்தது. அந்நாட்டுத் தெருக்களில் சிறுவர்கள் சின்னஞ்சிறு கோல் கம்பங்களை வைத்து, பிளாஸ்டிக் பந்தால் ஆடும் 'கோல் கூச்சிக்' பல தலைமுறைகளின் பழக்கம். குறுகிய இடத்தில் பந்தைக் காலடியிலேயே வைத்து ஆளை ஏமாற்றும் திறமை அங்கேயே படிந்துவிடுகிறது. அந்தத் திறமைக்கு உள்நாட்டு லீக் களம் தந்தது. தொடக்ககால வெற்றிகளின் முகம் வாஹித் ஷம்சாயி. சர்வதேச ஆட்டங்களில் 390க்கும் மேற்பட்ட கோல்கள் அடித்த இவர், பின்னாளில் பயிற்சியாளராகவும் ஈரானுக்கு இதே கோப்பையை வென்று தந்தார்.

ஜப்பானின் எழுச்சி: 2006–2014

2006இல் தாஷ்கண்ட் நகரில் ஈரானின் தொடர் வெற்றி அறுந்தது. அரையிறுதியில் ஈரானை வென்ற ஜப்பான், இறுதியில் உஸ்பெகிஸ்தானை 5–1 எனத் தோற்கடித்தது. அப்போதைய பயிற்சியாளர் பிரேசிலைச் சேர்ந்த செர்ஜியோ சாப்போ. மறு ஆண்டே ஜப்பானில் எஃப் லீக் என்ற தேசிய லீக் பிறந்தது. ஆனால் அதே 2007இல் ஒசாகாவில் ஜப்பானை 4–1 என வென்று ஈரான் கோப்பையை மீட்டது. 2008இல் தாய்லாந்தை 4–0 எனவும், 2010இல் உஸ்பெகிஸ்தானை 8–3 எனவும் வென்றது. ஆண்டுதோறும் நடந்த போட்டி 2008க்குப் பின் இரண்டாண்டுக்கு ஒரு முறையானது.

ஸ்பெயினைச் சேர்ந்த மிகேல் ரோட்ரிகோவின் பயிற்சியில் ஜப்பான் அடுத்தடுத்து இரு பட்டங்கள் வென்றது. 2012இல் துபாயில், அரையிறுதியில் ஈரானை வெளியேற்றிய தாய்லாந்தை 6–1 என வீழ்த்தியது. 2014இல் ஹோ சி மின் நகரில் ஈரானுடன் 2–2 எனச் சமன். பெனால்டியில் ஈரானுக்கு ஒரு கோல்கூட விழவில்லை. ஜப்பான் 3–0 என வென்றது.

புதிய போட்டியாளர்கள்: 2016–2018

2016இல் தாஷ்கண்டில் வியட்நாம் காலிறுதியில் ஜப்பானை 4–4 எனத் தடுத்து, பெனால்டியில் வென்றது. இப்போட்டியே உலகக் கோப்பைக்கான தகுதிப் போட்டியாகவும் இருந்ததால், நடப்புச் சாம்பியனான ஜப்பான் அந்த ஆண்டு உலகக் கோப்பைக்கே போக முடியாமல் நின்றுவிட்டது. வியட்நாமுக்குப் பயிற்சியளித்த ஸ்பெயின்காரர் புருனோ கார்சியாவையே ஜப்பான் பிறகு தன் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. இறுதியில் உஸ்பெகிஸ்தானை அதன் சொந்த ரசிகர்கள் முன்னால் 2–1 என வென்று ஈரான் மீண்டும் சாம்பியனானது.

அதே ஆண்டு கொலம்பியாவில் நடந்த உலகக் கோப்பையில் ஈரான் பிரேசிலைப் பெனால்டியில் வெளியேற்றியது. பிரேசிலின் மாபெரும் ஆட்டக்காரர் ஃபால்காவுக்கு அது கடைசி உலகக் கோப்பை ஆட்டம். வென்ற ஈரானியர்கள் தோற்றவரைத் தூக்கி, காற்றில் வீசிப் பிடித்து மரியாதை செய்தார்கள். அந்தத் தொடரில் ஈரான் மூன்றாம் இடம் பெற்றது. 2018இல் தைவானில் நடந்த ஆசியப் போட்டியின் இறுதியில் ஈரான் ஜப்பானை 4–0 என வென்றது.

தடையும் தொடர்ச்சியும்: 2020–2024

துர்க்மெனிஸ்தானின் அஷ்காபாத்தில் நடக்கவிருந்த 2020 போட்டி கொரோனாவால் தள்ளிப்போனது. பிறகு குவைத்துக்கு மாற்றப்பட்டு, அங்கும் நடக்காமலே கைவிடப்பட்டது. 2022இல் குவைத்தில் போட்டி நடந்தபோது இறுதியில் ஜப்பான் ஈரானை 3–2 என வென்றது. பயிற்சியாளர் கெனிச்சிரோ கொகுரே, 2006இல் கோப்பை வென்ற அணியில் ஆடியவர்.

2024 ஏப்ரலில் பாங்காக்கில் நிலைமை தலைகீழானது. ஜப்பான் குழுச் சுற்றோடு வெளியேறியது. அதே மிகேல் ரோட்ரிகோவின் பயிற்சியில் இறுதிக்கு வந்த தாய்லாந்தை ஈரான் 4–1 என வென்றது. நான்காம் இடம் பெற்ற தஜிகிஸ்தானும், பிளே-ஆஃபில் கிர்கிஸ்தானை வென்ற ஆப்கானிஸ்தானும் முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றன.

பெண்கள் போட்டியும் இந்தியாவும்

பெண்களுக்கான ஆசியப் போட்டி 2015இல் மலேசியாவில் தொடங்கியது. அதையும் 2018 போட்டியையும் ஈரான் வென்றது; இரண்டிலும் இறுதியில் தோற்றது ஜப்பான். 2025இல் சீனாவின் ஹோஹோட் நகரில் ஜப்பான் தாய்லாந்தைப் பெனால்டியில் வென்று முதல் பட்டம் பெற்றது.

ஆடவர் போட்டி தொடங்கி 24 ஆண்டுகளுக்குப் பிறகுதான் இந்தியா இதில் நுழைந்தது. 2023 அக்டோபரில் துஷான்பேயில் நடந்த தகுதிச் சுற்றே இப்போட்டியில் இந்திய அணிக்கு முதல் களம். உள்நாட்டு லீக், முறையான தளம், அனுபவமுள்ள பயிற்சியாளர் ஆகிய மூன்றும் ஓர் அணியை எவ்வளவு உயர்த்தும் என்பதை ஜப்பானும் தாய்லாந்தும் வியட்நாமும் காட்டியிருக்கின்றன. இந்தியாவுக்கும் அதுவே வழி. 2024 வரை இக்கோப்பையில் பொறிக்கப்பட்ட நாடுகளின் பெயர்கள் இரண்டே இரண்டு.