கன உலோக இசை: இரைச்சலா, இலக்கணமா?



தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் சிலர் கறுப்புச் சட்டை அணிந்து, 'ஹெவி மெட்டல்' எனும் கன உலோக இசையில் மூழ்கிவிடுகின்றனர். "பேய்ப்பாட்டுக் கேட்கிறான், கண்டித்து வையுங்கள்" என்று கோலா கிளாவாங்கில் என்னிடம் முறையிட்ட பெற்றோர் உண்டு. கண்டிக்கும் முன்னர் அவ்விசை யாது, எங்குப் பிறந்தது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

அது பிறந்த இடம் இங்கிலாந்தின் பர்மிங்காம் எனும் தொழிற்சாலை நகரம். தகட்டு ஆலைத் தொழிலாளியான டோனி அயோமி தம் 17ஆம் வயதில், வேலையின் கடைசி நாளன்று, இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுடையவர். கித்தார் நரம்பை அழுத்துவது அந்த வலக்கைதான். நெகிழிப் புட்டியை உருக்கி விரல்களுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய நரம்புகளைப் பூட்டினார். பின்னர் நரம்புகளைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். கனத்த, இருண்ட ஓசை பிறந்தது. அவருடைய 'பிளாக் சபாத்' குழுவின் முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரி 13ஆம் நாள் வெளிவந்தது. இவ்விசையின் தொடக்கமாகப் பலரும் கொள்வது அதனையே.

இனி, அதன் இலக்கணத்தைக் காண்போம்.

முதலாவது, கித்தாரின் சிதைந்த ஒலி. ஒலிபெருக்கியை அதன் எல்லைக்கு மீறி முடுக்கும்போது மூல ஒலியோடு பல மேற்சுரங்கள் சேர்கின்றன. இது நமக்குப் புதிதன்று. தம்புராவின் குதிரைமீது நரம்புக்கடியில் 'ஜீவா' எனும் நூலிழையைச் செருகி, ரீங்காரத்தை வேண்டுமென்றே வரவழைப்பவர்கள் நாம்.

இரண்டாவது, குரலும் இளியும், அதாவது ச-வும் ப-வும், சேர்ந்த இணைச்சுரம். இவற்றின் அதிர்வு விகிதம் 2:3. சிதைவோடு ஒலிக்கையில் இவ்விரண்டின் வேறுபாடாகிய 1 எனும் ஒலியும், ஒரு தாயி கீழே, தானாகவே தோன்றுகிறது. கேட்பவர் நெஞ்சில் மோதும் கனம் இதனால் விளைவது.

மூன்றாவது, மீண்டும் மீண்டும் வரும் குறுகிய கித்தார்த் தொடர். பாட்டின் முதுகெலும்பு இதுவே. ச-வுக்கு அடுத்துப் பிரதிமத்திமத்தை நிறுத்தி அச்சவுணர்வை எழுப்புவதும் இவர்கள் கையாளும் உத்தி. நான்காவது, அதனோடு ஒட்டி முழங்கும் முரசும் அடித்தொனிக் கித்தாரும்.

போர், மரணம், மனக்கலக்கம், அதிகாரம் ஆகியவை இதில் மிகுதியாகப் பாடப்படும் பொருள்கள். 1980களில் இது பல கிளைகளாகப் பிரிந்தது. அவற்றுள் ஒன்றே 'பிளாக் மெட்டல்'. 1990களின் தொடக்கத்தில் நார்வேயில் அக்கிளையைச் சேர்ந்த சிலர் தேவாலயங்களுக்குத் தீ வைத்தனர். நம் நாட்டிலும் 2001இல் அவ்விசை பள்ளிகளில் பெரும் சர்ச்சையானது. 2006இல் தேசிய ஃபத்வா மன்றம் அதனை முஸ்லிம்களுக்கு விலக்கியது. அக்கிளையின் பெயரால் முழு மரத்தையும் அஞ்சும் வழக்கம் அப்போது பரவியது.

அவ்வச்சத்திற்கு விடை நமக்கு அருகிலேயே உள்ளது. 1992இல் சிங்கப்பூரில் இந்திய இளைஞர்கள் தொடங்கிய 'ருத்ரா' குழு, இவ்விசையின் மிகக் கடுமையான வடிவில் சமஸ்கிருத சுலோகங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் பாடியது. 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் 'பிரம்மவித்யா' எனும் வரிசையில் மூன்று இசைத்தொகுப்புகளை வெளியிட்டது. முழக்கம் அதே, இணைச்சுரம் அதே, பாடுபொருளோ உபநிடதம்! ஆகவே இவ்விசையை வரையறுப்பது சாத்தான் அன்று, ஒலியமைப்பே என்பது தெளிவு.

இதனால் எல்லாப் பாடலும் பிள்ளைகளுக்கு ஏற்றது என்று நான் கூறவில்லை. சில குழுக்களின் வரிகள் வன்முறையைப் புகழ்கின்றன. அவற்றைத் தடுக்க வேண்டியது நம் கடமை. ஆனால், எதைத் தடுக்கிறோம் என்று அறியாமல் தடுத்தால், பிள்ளை பாட்டை விடமாட்டான். நம்மிடம் பேசுவதைத்தான் விடுவான். எனவே பிள்ளையை அருகில் அமர்த்தி, ஒரு பாடலையேனும் முழுதாகக் கேளுங்கள். வரிகளின் பொருளை அவனையே விளக்கச் சொல்லுங்கள். உறுமி மேளத்தை வெறும் இரைச்சல் என்று பிறர் இகழும்போது நமக்கு வலிக்கிறதன்றோ? அந்த வலியை எண்ணிப் பார்த்துப் பேசத் தொடங்குவோம்.