வெளியே வராத சாவி

என் ரகசியச் சாவிக்காக வாங்கிய ஸ்மார்ட் கார்டு டோக்கன் யூஎஸ்பி போர்ட்டில் மினுங்கியது. "கார்டு இல்லை" என்றது ஜிஎன்யுபிஜி. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது: அதன் எஸ்சிடீமனும் கணினியின் பிசிஎஸ்சிடியும் ஒரே டோக்கனுக்குச் சண்டை போட்டிருக்கின்றன. 'டிஸேபிள்-சிசிஐடி' என்று ஒரு வரி சேர்த்ததும் சரியானது.

அடுத்த கேள்விதான் பெரிது. சாவியை டோக்கனுக்குள்ளேயே உருவாக்குவதா, கணினியில் உருவாக்கி ஏற்றுவதா? உள்ளே பிறந்த சாவி வெளியே வராது. ஆனா டோக்கன் தொலைஞ்சா சாவியும் போச்சு.

1991-இல் பில் சிம்மர்மன் பிஜிபியை மூலநிரலோடு வெளியிட்டார். 1999-இல் வெர்னர் கோக்கின் ஜிஎன்யுபிஜி 1.0 வந்தது. யாரும் வாசித்துச் சோதிக்கலாம் என்பதே இவற்றின் மீதான நம்பிக்கை. சில்லுக்குள் இருக்கும் நிரலையோ நம்மால் வாசிக்க முடியாது.

அதன் விலை 2017-இல் தெரிந்தது. இன்ஃபினியான் சில்லுகளின் நிரல், ஆர்எஸ்ஏ சாவிக்கான பகா எண்களைக் குறுக்குவழியில் தேர்ந்தெடுத்திருந்தது. பொதுச்சாவியிலிருந்தே ரகசியச் சாவியைக் கண்டுபிடிக்க வழி பிறந்தது. 'ரோகா' என்று பெயரிட்டார்கள். எஸ்தோனியாவில் மட்டும் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட அடையாள அட்டைகள் சிக்கின. அரசு சான்றிதழ்களை முடக்கியது. வெளியே உருவாக்கி ஏற்றிய சாவிகள் தப்பின.

நான் இணையம் துண்டித்த பழைய லேப்டாப்பில் சாவியை உருவாக்கி, டோக்கனில் ஏற்றினேன். ஒரு நகலைத் தாளில் அச்சிட்டு அம்மாவின் பீரோவில் வைத்தேன்.

"என்னடா இது?"

"சாவிம்மா."

வாங்கிப் பார்த்துவிட்டு, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துப் பூட்டினாள்.