கல், கயிறு, மூச்சு: மன்னார் முத்துக்குளியாளரின் உடல்நுட்பம்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே வங்காலை, அரிப்பு, சிலாபத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்று நீளும் கரைக்கு எதிரே, கடலடியில் பாறையும் மணலும் கலந்த மேடுகள் பரந்து கிடக்கின்றன. கடல்தொழிலாளர் இவற்றைப் 'பார்' என்பர். பெரியபார், செவல்பார், மோதரகம்பார், வங்காலைப்பார் என ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. முத்துச்சிப்பிகள் தம் உடலிலிருந்து வரும் நார்களால் இந்தப் பாறைகளைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. பார்களின் ஆழம் பெரும்பாலும் 5 முதல் 10 பாகம், அதாவது ஏறத்தாழ 9 முதல் 18 மீட்டர். பழகிய ஒருவர் ஒரே மூச்சில் இறங்கி, சிப்பி அள்ளி, மேலே வந்துவிடக்கூடிய ஆழம் இது. முத்துக்குளிப்பின் நுட்பம் முழுவதும் இந்த அளவுக்குள் உருவானது.

தொழில் மிகப் பழையது. விசயன் பாண்டிய மன்னனுக்கு ஆண்டுதோறும் முத்து அனுப்பியதாக மகாவம்சம் சொல்கிறது. மாதோட்டத் துறைமுகத்தின் வணிகத்தில் முத்துக்குப் பெரும் பங்கு இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே சென்ற மார்க்கோ போலோ, ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மே நடுப்பகுதிவரை குளிப்பு நடந்ததையும், குளியாளர்கள் உடலில் வலைப்பை கட்டி இறங்கியதையும் எழுதினார். 1344இல் வந்த இபின் பதூதா, ஆரியச்சக்கரவர்த்தியின் அவையில் முத்துக்குவியல்களைக் கண்டார். 1560இல் மன்னாரைப் பிடித்த போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை விரட்டிய ஒல்லாந்தரும், 1795இல் வந்த ஆங்கிலேயரும் இந்தப் பார்களின் வருமானத்தையே முதலில் கணக்கிட்டனர்.

குளிப்பு எப்படி நடந்தது என்பதை விரிவாக அறிய உதவுவன ஆங்கிலேயர் காலப் பதிவுகள். 1797ஆம் ஆண்டுக் குளிப்பைப் பற்றி லெ பெக் எழுதினார். 1803இல் பெர்சிவலின் நூலும் 1807இல் கோர்டினரின் நூலும் வெளிவந்தன. முத்துப்பார்களின் கண்காணிப்பாளராக இருந்த ஜேம்ஸ் ஸ்டுவர்ட் 1843இல் தனி நூலே எழுதினார். 1902இல் இலங்கை வந்த விலங்கியல் பேராசிரியர் ஹெர்ட்மன் ஐந்து தொகுதிகளில் அறிக்கை தந்தார். இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. நூறாண்டுகளில் ஆட்சியும் வரியும் ஏலமுறையும் மாறின. நீருக்குள் இறங்கும் முறை மாறவில்லை.

குளிப்புக் காலத்தைச் 'சலாபம்' என்றனர். சிலாபத்துறையின் பெயரும் இச்சொல்லோடு தொடர்புடையது. வாடைக்காற்று ஓய்ந்து சோழகம் எழுவதற்கு முன், மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும். அந்த இடைவெளியே சலாபம். நள்ளிரவை ஒட்டி வெடிச்சத்தம் கேட்டதும் தோணிகள் ஒன்றாகப் புறப்படும். கரையிலிருந்து வீசும் இரவுக்காற்று விடியுமுன் அவற்றைப் பாரில் சேர்க்கும். சூரியன் எழுந்ததும் குளிப்புத் தொடங்கி நண்பகலில் நிற்கும். பின்பு கடற்காற்றில் பாய் விரித்துக் கரை திரும்புவர். இரு காற்றுகளுக்கும் நடுவில் உள்ள ஆறேழு மணிநேரமே வேலைநேரம்.

ஒரு தோணியில் இருபதுக்கும் மேற்பட்டோர் இருப்பர். தோணியை நடத்துபவர் தண்டல். குளியாளர் பத்துப் பேர் என்றால் கயிறு பிடிப்போரும் ஏறத்தாழ அதே அளவினர். ஆங்கில ஆவணங்கள் இவர்களை 'மண்டக்' என்று குறித்தன. நீர் இறைக்க ஒரு சிறுவனும் இருப்பான். பத்துக் குளியாளருக்கு ஐந்து கல்தான். ஐவர் நீருக்குள் இருக்கும்போது மற்ற ஐவர் இளைப்பாறுவர். இந்த மாறிமாறி இறங்கும் ஒழுங்கினால் கல் ஓயாமல் வேலை செய்தது. உடலுக்கு ஓய்வும் கிடைத்தது. ஒருவர் காலையிலிருந்து நண்பகல்வரை நாற்பது, ஐம்பது தடவை இறங்கியதாகப் பெர்சிவல் எழுதுகிறார். அந்த எண்ணிக்கைக்கு அடிப்படை இந்த முறைமாற்றமே.

இறங்குவது சில அசைவுகளின் தொடர். கல் கூம்பு வடிவில் செதுக்கப்பட்டிருக்கும். மேற்பகுதித் துளை வழியே கயிறு கோத்து, பாதம் நுழைய ஒரு வளையம் விடப்பட்டிருக்கும். குளியாளர் தோணியின் பக்கத்தில் நீரில் மிதந்தபடி, கல்லின் வளையத்தில் வலப்பாதத்தை வைப்பார். வலைப்பையின் வளையத்தை இடக்கால் விரல்களால் பற்றுவார். இரு கயிற்றையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்து, சில ஆழ்ந்த மூச்சுகள் எடுத்து, மறு கையால் மூக்கைப் பொத்துவார். அவர் குறி காட்டியதும் மேலே இருப்பவர் கயிற்றைத் தளர்த்துவார். கல்லின் பாரம் உடலை நேராக, கால் முன்னே, விரைவாக அடிக்கு இழுத்துச் செல்லும். நீந்தி இறங்கும் உழைப்பு மிச்சமாவதால் மூச்சு முழுவதும் அடியில் செய்யும் வேலைக்கு எஞ்சும்.

அடியைத் தொட்டதும் கல்லிலிருந்து கால் விடுபடும். மேலே இருப்பவர் கல்லை உடனே இழுத்துக்கொள்வார். குளியாளர் நிமிர்ந்த நிலையிலிருந்து குப்புறத் திரும்பி, வலைப்பைக் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பாறையைத் தழுவியபடி நகர்வார். இரு கைகளும் சிப்பிகளைப் பறித்துப் பையில் போட்டபடியே இருக்கும். நின்று குனிந்து எடுப்பவரை நீர் மேலே தூக்கும். படுத்து நகர்பவர் பாறையைப் பற்றியே தம்மை அடியில் நிறுத்திக்கொள்ள முடியும். சிப்பி அடர்ந்த பாரில் ஒரே இறக்கத்தில் நூறுக்கு மேல் அள்ளியவர்கள் உண்டு. அருகிய பாரில் ஐந்தும் கிடைக்காது.

மூக்கைப் பொத்துவது நீர் புகாமல் தடுப்பதற்கு மட்டுமன்று. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. வெளியிலிருந்து செவிப்பறையை நீர் அழுத்தும்போது, மூடிய மூக்குக்குள் மெல்ல ஊதினால் தொண்டை வழியே காற்று நடுச்செவிக்குச் சென்று அழுத்தத்தைச் சமன்செய்யும். கல்லோடு இறங்குபவர் சில நொடிகளில் 15 மீட்டரை எட்டுவதால் இந்தச் சமன்செய்தல் இடைவிடாமல் நடக்க வேண்டும். தவறினால் செவிப்பறை கிழியும். குளியாளரின் காதிலும் மூக்கிலும் குருதி வடிந்ததை ஐரோப்பியர் பலர் பதிவு செய்தனர். கேள்வி மங்குவது இத்தொழிலின் நிரந்தர விலை.

மூச்சின் நீளம் பற்றிக் கட்டுக்கதைகள் ஏராளம். ஐந்து, ஆறு நிமிடம் அடியில் இருந்தவர்களின் கதைகள் நூல்களிலும் இடம்பெற்றன. கடிகாரம் வைத்துப் பார்த்த ஸ்டுவர்ட், பெரும்பாலான இறக்கங்கள் ஒரு நிமிடத்துக்குள் முடிந்ததையும், மிக நீண்டவை கூட ஒன்றரை நிமிடத்தைத் தொடவில்லை என்பதையும் காட்டினார். ஒரு காலையில் நாற்பது தடவை இறங்க வேண்டியவருக்கு நீண்ட மூச்சைவிடத் திரும்பத் திரும்ப வரும் அளவான மூச்சே பயன்பட்டது. அளவுக்கு மீறி வேகமாக மூச்சிரைத்து இறங்கினால், மூச்சு முட்டும் உணர்வு வருமுன்பே மயக்கம் வந்துவிடலாம். எனவே எப்போது மேலே வருவது என்று அறிவதே குளியாளரின் முதல் திறமை.

மேலே வரும் வழி கயிறு. குளியாளர் கயிற்றைச் சுண்டி இழுத்ததும், மேலே இருப்பவர் அவரையும் பையையும் இழுப்பார். குளியாளரும் கயிற்றைப் பற்றி ஏறி, பைக்கு முன்னரே நீர்மட்டத்தை அடைவார். கயிறு பிடிப்பவர் தண்ணீரைப் பார்க்காமலேயே கையின் உணர்வால் கீழே நடப்பதை அறிய வேண்டும். கயிறு தளர்ந்திருக்கிறதா, இழுபடுகிறதா, சுண்டியது ஆளா நீரோட்டமா என்பதை அந்தக் கை பிரித்தறியும். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவனிடம் கொடுப்பதே வழக்கம் என்று மன்னார்க் கரையிலும் எதிரே உள்ள தமிழகக் கரையிலும் சொல்வதுண்டு. தன் தமக்கையோ தங்கையோ தாலியறுக்க மச்சான் கயிற்றை விடமாட்டான் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். மச்சான் தயவு பற்றிய பழமொழிக்கும் இதையே பொருளாகக் காட்டுவர்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பாரசீக வளைகுடாவின் அரபுக் குளியாளர்களும் சலாபத்துக்கு வந்தனர். அவர்கள் கொம்பால் செய்த இடுக்கியை மூக்கில் மாட்டினர். அதனால் அவர்களுக்கு இறங்கும்போதே இரு கையும் விடுதலை. ஒவ்வோர் இறக்கத்திலும் அவர்கள் தமிழ்க் குளியாளரைவிடக் கூடுதல் நேரம் அடியில் இருந்தனர். 1906இல் மறிச்சுக்கட்டிச் சலாபத்தில் அரச அலுவலராகப் பணியாற்றிய லெனார்ட் வூல்ஃப், அரபியரும் தமிழரும் அருகருகே தொழில் செய்த அந்தத் தற்காலிக நகரத்தைத் தம் வாழ்க்கை வரலாற்றில் விவரித்துள்ளார்.

இந்தத் திறமை எங்கே பழக்கப்பட்டது என்பதற்குப் பார்களின் இயல்பிலேயே விடை இருக்கிறது. முத்துச்சிப்பி ஆண்டுதோறும் விளைவதில்லை. நீரோட்டமும் மணலும் திருக்கை முதலிய மீன்களும் சேர்ந்து ஒரு பாரையே வெறுமையாக்கிவிடும். 1837க்குப் பின் 1855வரை மன்னார்ப் பார்களில் சலாபமே நடக்கவில்லை. ஒரு தலைமுறைக் காலம் முத்தே குளிக்காத கரை, முத்தை மட்டும் நம்பிக் குளியாளரை வளர்க்க முடியாது. எதிர்க்கரையில் தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் சங்கு குளிப்பதைத் தொடர்தொழிலாகக் கொண்டிருந்தனர். அங்கே சிறுவர்கள் பெரியவர்களோடு தோணியில் சென்று, நீர் இறைத்து, கயிறு பிடித்து, ஆழமற்ற இடங்களில் இறங்கிப் பழகினர். சலாபம் அறிவிக்கப்பட்டால் அந்தப் பயிற்சி பெற்ற உடல்களே மன்னார் வளைகுடாவைத் தாண்டி வந்தன. மன்னாரின் முத்துக்கு மறுகரையின் சங்கே பள்ளிக்கூடம்.

உடலோடு மனத்தையும் அமைதிப்படுத்த வேண்டியிருந்தது. சுறாவுக்கு அஞ்சிய குளியாளரின் மூச்சு குறையும். ஆகவே 'கடல்கட்டி' என்னும் மந்திரவாதி இல்லாமல் தோணிகள் புறப்பட மறுத்தன. மார்க்கோ போலோ காலத்தில் இவருக்கு இருபதில் ஒரு பங்கு கிடைத்தது. ஆங்கிலேய அரசும் நெடுங்காலம் இவரை ஊதியப் பட்டியலில் வைத்திருந்தது. தம் காலத்துக் கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர் என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எமர்சன் டெனன்ட் எழுதினார். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, குளியாளரின் அச்சத்தைக் கட்டியது.

கூலியும் இந்த நுட்பத்தோடு பிணைந்திருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரை திரும்பிய தோணியின் சிப்பிகள் 'கோட்டு' எனப்பட்ட வேலியிட்ட களத்தில் மூன்று குவியலாகப் பிரிக்கப்பட்டன. அரச அலுவலர் தமக்கு இரண்டைத் தெரிவு செய்வார், எஞ்சியது தோணிக்காரருக்கு. எந்தக் குவியல் யாருக்கு என்று தெரியாததால் சமமாகப் பிரிப்பதே குளியாளருக்கு நல்லது. 1905இல் நடந்த சலாபத்தில் 300க்கும் மேற்பட்ட தோணிகள் 8 கோடிக்கும் அதிகமான சிப்பிகளைக் கரைசேர்த்தன. அரசின் வருமானம் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். கல்லும் கயிறும் எட்டிய உச்சம் அதுவே.

அந்த உச்சமே இறுதியையும் நெருக்கியது. 1906இல் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த இலங்கை முத்துக்குளிப்புக் கம்பெனி, இளஞ்சிப்பிகளை இடம்மாற்றி வளர்த்துப் பார்களைப் பெருக்க முயன்றது. 1907க்குப் பின் பார்கள் வெறுமையாயின. குத்தகைக் காலம் முடியுமுன்பே கம்பெனி கலைந்தது. 1925இல் மீண்டும் ஒரு சலாபம் நடந்தது. அதுவே பெரிய அளவில் நடந்த கடைசிச் சலாபம். அதே ஆண்டுகளில் ஜப்பானின் வளர்ப்பு முத்து உலகச் சந்தையை நிறைத்தது. ஒரு மூச்சில் அள்ளி வரும் முத்துக்குத் தனி விலை கிடைக்கவில்லை.

முத்துக்காக இறங்குவது நின்றபின்னும் மன்னார்க் கரை கடலடிக்கு இறங்குவதை நிறுத்தவில்லை. சங்குக்காகவும் கடலட்டைக்காகவும் குளிப்புத் தொடர்ந்தது. முகக்கண்ணாடியும் துடுப்புக்காலணியும் வந்தன. பின்னர் காற்றுச் சிலிண்டரும் வந்தது. சிலிண்டர் நீருக்கடியில் இருக்கும் நேரத்தைப் பல மடங்காக்கியது. ஆனால் அழுத்தத்தில் நீண்ட நேரம் இருந்துவிட்டு வேகமாக மேலெழுந்தால் இரத்தத்தில் நைட்ரசன் குமிழிகள் உருவாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். ஒரு மூச்சு அளவில் ஏறி இறங்கிய பழைய குளியாளருக்கு இது பெரிதாக நேரவில்லை. அந்தப் பழைய காலத்தின் எச்சமாக, அரிப்பில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் சலாபத்தைக் கண்காணிக்கக் கட்டிய மாளிகை இன்று கடலரிப்பில் இடிந்து நிற்கிறது.