புறக்கடைக் கோழிக்கொட்டகை

வீட்டுப் புறக்கடையில் வளரும் நாட்டுக்கோழிகள் இரவில் அடையவும் முட்டையிடவும் அமைக்கும் சிறு கொட்டகை. தமிழகச் சிற்றூர்களில் மூங்கில் பஞ்சாரமே நெடுங்காலம் இந்த வேலையைச் செய்தது; கோழிகள் பெருகினால் அது போதாது. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாயைத் திறந்து இளைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கும். எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவோ கண்ணையும் மூச்சுக்குழலையும் கெடுக்கும். ஆகவே காற்றோட்டமே முதல் தேவை. கொட்டகை கிழக்கு மேற்காக நீண்டிருந்தால் வெயில் நேரே உள்ளே இறங்காது. நீளப் பக்கங்களில் ஓரடிச் சுவர், அதற்கு மேல் கூரைவரை கம்பிவலை.

தென்னங்கீற்றும் சவுக்குக் கம்பும் செலவைக் குறைக்கும். வலையில் மட்டும் சிக்கனம் கூடாது: அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய வலையை நாய் கிழித்துவிடும், அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள வெல்டு மெஷ் கீரியையும் மரநாயையும் தடுக்கும். தரையில் இரண்டு அங்குலத்துக்கு உமியோ தேங்காய்நார்க் கழிவோ பரப்பி அடிக்கடி கிளறிவிடுவார்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கும்போது உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி, உதிர்ந்தால் சரி. மழைக்காலத்தில் சாக்குப் படுதா தொங்கவிடலாம். அப்போதும் கூரையை ஒட்டி ஓரடி திறந்திருக்க வேண்டும்.