செல்லுக்குள் ஒரு குப்பை வண்டி – சிறு வரலாறு

நம் செல்கள் தங்கள் பாகங்களையே தின்கின்றன! கெட்டுப்போன புரதங்கள், தேய்ந்த உறுப்புகள் எல்லாம் ஒரு சவ்வுப் பைக்குள் அடைக்கப்படுகின்றன. அந்தப் பை லைசோசோமோடு சேர்ந்ததும் உள்ளே இருப்பது செரித்துவிடும். 1963-ல் லண்டனில் நடந்த ஒரு கருத்தரங்கில் கிறிஸ்டியன் டி துவே இதற்கு 'ஆட்டோபேஜி' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் 'தன்னைத் தின்னுதல்' என்று பொருள்.

அதே 1963-ல் லெட்பெட்டரும் போர்ட்டரும் தாவரச் செல்களில் கண்ட மெல்லிய குழாய்களை 'நுண்குழல்கள்' என்று எழுதினார்கள். இவையும் ஆக்டின் இழைகளும் செல்லின் எலும்புக்கூடு போன்றவை. எலும்புக்கூட்டுக்கும் செரிமானத்துக்கும் என்ன சம்பந்தம்?

பதில் ஒரு பூச்செடி வழியாக வந்தது. நம் ஊர்களில் சுடுகாட்டு மல்லி என்கிறோமே, அந்த நித்தியகல்யாணிதான். அதிலிருந்து 1958-ல் கனடாவில் நோபிள், பீர் இருவரும் வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தார்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் இது நுண்குழல்களைக் குலைத்துவிடும். 1970-களில் இதை எலிகளுக்குச் செலுத்தியபோது கல்லீரல் செல்களில் அந்தப் பைகள் குவிந்து கிடந்தன.

அப்படியானால் செல் அதிகமாகத் தின்கிறதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரு தெருவில் குப்பை மலைபோல் கிடந்தால் அங்கே துப்புரவு அதிகம் நடக்கிறது என்றா அர்த்தம்? வண்டி வரவில்லை என்றும் இருக்கலாம் அல்லவா? பைகள் உருவாகியும் லைசோசோமைச் சென்று சேராவிட்டால் அவை தேங்கத்தான் செய்யும்.

1992-ல் எலிச் சிறுநீரகச் செல்களில் நடந்த ஆய்வு விஷயத்தைப் பிரித்துக் காட்டியது. ஆக்டினைக் குலைத்தால் பைகளே உருவாகவில்லை. நுண்குழலைக் குலைத்தால் பைகள் உருவாயின, ஆனால் முதிரவில்லை. ஆக, ஒன்று பை கட்ட உதவுகிறது, மற்றது பாதை. (ஈஸ்ட் செல்லுக்கு இதற்கு நுண்குழல் தேவைப்படுவதில்லை என்பது சுவையான விதிவிலக்கு.)

2000-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தப் பைகளை அடையாளம் காட்டும் புரதம் 'எல்சி3' என்று கண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அதன் முழுப் பெயரிலேயே 'நுண்குழலோடு இணைந்த புரதம்' என்று இருக்கிறது! முதலில் மூளையின் நுண்குழல்களோடு சேர்ந்து கிடைத்ததால் வந்த பெயர் அது.

2005-ல் இன்னொரு செய்தி. நுண்குழல் மீது சரக்கு இழுக்கும் டைனீன் என்ற மோட்டார் புரதம் பழுதானால், ஹண்டிங்டன் நோயில் சேரும் புரதக் கட்டிகள் சரியாக அகற்றப்படுவதில்லை என்று தெரிந்தது. நரம்புச் செல்லின் கிளை ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். அவ்வளவு தூரம் குப்பை தானாக மிதந்து போகாது. அதனால்தான் நண்பர்களே, இன்று நரம்பு நோய்களை ஆராய்பவர்கள் செரிமானத்தோடு சேர்த்துப் பாதையையும் பார்க்கிறார்கள்.