படம் நம்முடையது, பேச்சு யாருடையது?

2007ல் எனக்குக் கொல்கத்தாவுக்கு மாற்றல் வந்தது. வங்காளம் தெரியாது, ஹிந்தியும் தகராறு. ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாது. அரியர்ஸ் பணத்தில் வாங்கிய சின்ன டிஜிட்டல் கேமராவோடு கிளம்பி டிராம் டிராமாக எடுத்துத் தள்ளுவேன். எல்லாவற்றையும் ஃப்ளிக்கரில் ஏற்றுவேன். ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவர் ஒரு படத்தின் கீழே நாலு வரி எழுதியிருந்தார். அந்த டிராம் எங்கே போகும், பின்னால் தெரியும் இடிந்த கட்டடத்தில் முன்பு என்ன கடை இருந்தது, அங்கே அவர் தாத்தா எத்தனை வருடம் கணக்கு எழுதினார் என்று. அந்த ஊரில் என்னோடு பேசிய முதல் மனிதர் அவர்தான் (கிளையில் பேசியவர்கள் எல்லாம் பாஸ்புக் என்ட்ரிக்காகப் பேசியவர்கள்).

இத்தனைக்கும் ஃப்ளிக்கர் போட்டோவுக்காகப் பிறந்ததே இல்லை. கனடாவின் வான்கூவரில் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட், கேட்டரினா ஃபேக் தம்பதியின் லூடிகார்ப் என்ற சிறு கம்பெனி ஓர் இணைய விளையாட்டு செய்துகொண்டிருந்தது. விளையாட்டு தேறவில்லை. அதற்காகச் செய்த கருவிகளை வைத்து 2004 பிப்ரவரியில் படம் பகிரும் தளத்தைத் திறந்தார்கள். அடுத்த வருடம் மார்ச்சில் யாஹூ வாங்கிப் போட்டது.

படம் ஏற்றும் தளங்கள் அதற்கு முன்பும் உண்டு. 1999ல் வந்த ஓஃபோட்டோவைக் கோடக் 2001ல் வாங்கியது. ஆனால் அவர்கள் கணக்கு வேறு. ஆல்பம் போடு, சொந்தக்காரர்களுக்குக் காட்டு, அவர்கள் பிரிண்ட் போட்டால் கம்பெனிக்குக் காசு. எங்கள் பாஷையில் லாக்கர் வியாபாரம். ஃப்ளிக்கரில் நாமாகப் பூட்டினால் ஒழியப் படம் ஊருக்கே தெரியும். குறிச்சொல் போடலாம், படத்தின் மேலேயே பெட்டி வரைந்து குறிப்பு எழுதலாம், ஒரே பைத்தியம் பிடித்தவர்கள் சேர்ந்து குழு வைக்கலாம். வட்டமான பொருட்களைச் சதுரமாக வெட்டிப் போடுவதற்கென்றே ஒரு குழு இருந்தது! 2008 ஏப்ரலில் 90 விநாடி வீடியோவை அனுமதித்தபோது, வேண்டாம் என்று கொடி பிடிக்கவும் ஒரு குழு சேர்ந்தது.

என்னை அசத்தியது அதே 2008 ஜனவரியில் நடந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் பழைய படங்களில் மூவாயிரத்துச் சொச்சத்தை ஃப்ளிக்கரில் போட்டு, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்றது. படத்தில் இருப்பது யார், எந்தத் தெரு, எந்த வருடம் என்று பலவற்றுக்கு நூலகத்திடமே சரியான விவரம் இல்லை. அக்டோபருக்குள் படங்கள் 4,615 ஆயின. வந்த பின்னூட்டம் 7,166, குறிச்சொல் 67,176. பழைய செய்தித்தாள்களைத் தோண்டிப் பெயரும் தேதியும் கண்டுபிடித்துத் தந்தார்கள். 500க்கும் மேற்பட்ட படங்களின் பதிவேட்டை நூலகம் அதை வைத்துத் திருத்தியது. தகாதது என்று நீக்கியவை 25க்கும் குறைவு. இவ்வளவு குறைந்த வாராக்கடன் விகிதத்தை நான் எந்த வங்கியிலும் பார்த்ததில்லை :)

சம்பளம் கிடையாது, பெயர்கூட வராது. ஆனாலும் செய்தார்கள். இதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று என் பி.காம். படிப்பில் சொல்லித் தரவில்லை.

ஆனால் லெட்ஜர் கம்பெனியிடம் அல்லவா இருக்கிறது? 2013 மே மாதம் ஆளுக்கு ஒரு டெராபைட் இலவசம் என்றார்கள். 2018 ஏப்ரலில் ஸ்மக்மக் வாங்கியது. அதே நவம்பரில், இலவசக் கணக்குக்கு இனி 1,000 படம்தான், மீதியை 2019 முதல் அழிப்போம், முதலில் ஏற்றியது முதலில் போகும் என்று அறிவிப்பு வந்தது. சுத்தமான ஃபிஃபோ. என்னிடம் 1,400 இருந்தன. முதலில் போகவேண்டியவை கொல்கத்தா டிராம்கள்.

ஸ்மக்மக்கைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. இலவசமாக எத்தனை நாள் சோறு போடுவார்கள்? பொதுக் காப்பகப் படங்களை அவர்கள் தொடவில்லை. 2022ல் ஃப்ளிக்கர் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பும் வந்தது. படங்களை 100 வருடம் காப்பது நோக்கமாம்.

இன்னொரு காரணமும் உண்டு. பெயர் வேண்டாம், வேறொரு இலவசத் தளம் மூடப்பட்டபோது என் மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் மொத்தமும் போயின. எச்சரிக்கை மெயில் நான் எப்போதோ கைவிட்ட முகவரிக்குப் போயிருக்கிறது. அந்தச் சூடு பட்ட பூனை நான். அதனால் 2019 பிப்ரவரியில் சுமார் 3,500 ரூபாய் கட்டிச் சந்தாதாரர் ஆனேன். "எல்லாப் படமும் ஹார்ட் டிஸ்கில் இருக்கே, அப்புறம் எதுக்குங்க இது?" என்று வீட்டில் கேட்டாள். படம் இருக்கிறதுதான். கீழே அவர் எழுதிய நாலு வரி அதில் இல்லையே.

இப்போது நாக்பூரில் இருக்கிறேன். இந்த வருடமும் சந்தா கட்டிவிட்டு அவர் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். 2011க்குப் பிறகு புதுப் படம் ஒன்றும் இல்லை. கடைசிப் படம் ஒரு டிராம் டிப்போ, மழையில். நானும் கீழே ஒரு வரி எழுதிவிட்டு வந்தேன்.